பதினொரு ஃபிரேம்

செண்பகவல்லிக்கு அநீதி நடந்தது.

புளி உடைக்கும் பெண்களைப் பற்றிய ஓர் ஆவணப்படத்துக்கு அவள் பதினெட்டு நாள் உட்கார்ந்து, முடிவில் பெயர்கள் ஓடும் டைட்டில் செய்தாள். இருபத்தாறு பெயர்கள். ஒவ்வொரு பெயரும் புளியங்கொட்டைகளாக உருண்டு வந்து, எழுத்தாகக் கூடி, மறுபடி கொட்டைகளாகச் சிதறும்.

பதினெட்டாவது பெயர் அவளுடையது.

அந்தப் பெயரை அப்பா பார்க்கவில்லை.

அப்பாவுக்குக் கோவில்பட்டியில் சைக்கிள் கடை. அவள் பி.எட். படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு மதுரைக்கு வந்த நாளிலிருந்து அவளோடு பேசுவதில்லை. இரண்டு வருடம் ஆகிறது. படம் இணையத்தில் வந்ததும் கடையை அடைத்துவிட்டு மூன்று தடவை பார்த்திருக்கிறார். பிறகு அம்மாவிடம் சொன்னாராம்:

"அந்தப் படத்துல அவ இல்ல. ரெண்டு வருசமா நம்மகிட்டப் பொய் சொல்லிட்டுத் திரியுதா."

பெயர் தெரிகிற இடத்தில் செண்பகவல்லி படத்தை நிறுத்தி, அதைப் புகைப்படமாக அம்மாவுக்கு அனுப்பினாள். அதற்கும் அப்பாவின் பதில் அம்மா வழியாக வந்தது.

"ஓடும்போது தெரியாதது நிறுத்தினா மட்டும் எப்படித் தெரியும்? அவளே எழுதி அனுப்பியிருப்பா."

இயக்குநர்தான் வெட்டியிருக்க வேண்டும். வேறு யார்?

வழக்கைத் தூக்கிக்கொண்டு ஆசிரியையிடம் போனாள்.

*

ஆசிரியையின் பெயர் பெனிட்டா. ஜெராக்ஸ் கடையின் மாடியில் ஓர் அறை, இரண்டு கணினி. திரையில் எழுத்தை அசைக்கக் கற்றுத்தருவாள்.

சிஷ்யை செண்பகவல்லியைவிட மூன்று வயது சின்னவள். ஆனாலும் சிஷ்யை அவளை டீச்சர் என்பாள். அவள் சிஷ்யையை அக்கா என்பாள்.

"டீச்சர், ஒரு நொடிக்கு எத்தனை ஃபிரேம்?"

"இருபத்தஞ்சு."

"என் பேரு முழுசா நிக்கிறது பதினொண்ணு. எண்ணிட்டேன். அரை நொடிகூட இல்ல. இயக்குநர் பேரு எத்தனை தெரியுமா? எழுபத்தஞ்சு. மூணு நொடி. கேட்டா, 'உன் பேரு இருக்கு, நல்லாப் பாரு'ன்னு ஒரு மெசேஜ். அவ்வளவுதான்."

"ம்."

"முன்னாடியே சொல்லிடறேன். 'உனக்குள்ள பாரு'ன்னு மட்டும் சொன்னீங்க, எந்திரிச்சுப் போயிடுவேன். அடி வாங்கினவளையே உள்ள பாக்கச் சொல்ற கதையெல்லாம் நிறைய கேட்டாச்சு."

"உள்ள எதுக்குக்கா பாக்கணும்?" என்றாள் பெனிட்டா. "ஃபைலத் திறங்க."

*

அது சிஷ்யை தனியாகச் செய்த முதல் வேலை. ஆசிரியை அதுவரை அதைப் பார்த்ததில்லை.

"ஓட விடறேன். நீங்க வாசிங்க."

கொட்டைகள் உருண்டன. சிஷ்யை நாற்காலியில் சாய்ந்துகொண்டு வாசித்தாள்.

"மாடத்தி. பேச்சியம்மாள். குருவம்மாள். சீனியம்மாள்."

தங்குதடை இல்லை. இருபத்தாறும் முடிந்தன.

"பாத்தீங்களா, எவ்வளவு அழகா வருது. மென்பொருளுக்குத் தமிழ் தெரியாது. கொம்பை ஒரு பக்கம் தள்ளுது, காலை ஒரு பக்கம் தள்ளுது. ஒவ்வொரு எழுத்தையும் கையால வரைஞ்சு வச்சேன்."

"அழகாத்தான் இருக்கு. ஆனா குருவம்மாள் வர்றதுக்கு முன்னாடியே சீனியம்மாளைச் சொல்லிட்டீங்க."

சிஷ்யை நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"பாதியில போன்ல வேற ஏதோ பாத்தீங்க. அப்பவும் தப்பே வரல."

பெனிட்டா மறுபடி முதலிலிருந்து ஓடவிட்டாள்.

"இப்ப நான் வாசிக்கிறேன்."

திரைக்கு அருகில் நகர்ந்து உட்கார்ந்தாள்.

"மாட... பேச்சி... குரு... அய்யோ, இது யாரு? சீனி... போச்சு."

பதினேழு பெயர்கள் அப்படியே போயின. பதினெட்டாவதில் "செண்ப" என்று தொடங்கினாள். "க" வருவதற்குள் கொட்டைகள் ஓடிவிட்டன.

கடைசியில் இயக்குநர் பெயர் வந்தது. பெனிட்டா அதை இனிஷியலோடு வாசித்தாள். பிறகு தண்ணீர்த் தம்ளரைக் கையில் எடுத்தாள். பெயர் இன்னும் அங்கேயே நின்றது.

*

அசைவு எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும் என்பதற்கு மென்பொருளில் புள்ளி வைப்பார்கள். பெனிட்டா அந்தப் புள்ளிகளைப் பெரிதாக்கிக் காட்டினாள்.

வெட்டு எங்கேயும் இல்லை.

கூடுவதற்கு ஐம்பது ஃபிரேம். நிற்பதற்குப் பதினொன்று. சிதறுவதற்கு நாற்பது. இயக்குநர் தவிர இருபத்தைந்து பேருக்கும் ஒரே அளவு.

எல்லாம் செண்பகவல்லி வைத்த புள்ளிகள்.

அவள் ஒவ்வொரு புள்ளியாக விரல் வைத்து எண்ணினாள். பிறகு, வாதாடிப் பழகியவள் அல்லவா, நிமிர்ந்தாள்.

"சரி. வெட்டல. ஆனா அவர் பேரு மட்டும் மூணு நொடி நின்னது அநீதியா இல்லையா?"

"அநீதிதான்."

"அப்ப நான் சொன்னது சரி."

"அந்த மூணு நொடிய வச்சது யாரு?"

"நான்தான். அவர் கேட்டாரு. 'என் பேரு கொஞ்சம் நின்னு போகட்டும்'னாரு."

"மத்தவங்க கேக்கலயா?"

"மாடத்தியும் பேச்சியம்மாளும் எப்படி டீச்சர் கேப்பாங்க? அவங்களுக்கு இப்படி ஒண்ணு ஓடப் போகுதுன்னே தெரியாதே."

 கீழே ஜெராக்ஸ் இயந்திரம் தாள் தள்ளிக்கொண்டிருந்தது.

*

மறுநாளே செண்பகவல்லி இயக்குநருக்குப் போன் செய்தாள்.

"டைட்டிலை மாத்தறேன். மூணு நிமிஷத்துக்கு மேல வரும்."

"மூணு நிமிஷமா? ஆளுங்க எந்திரிச்சுப் போயிருவாங்க வல்லி. போரடிக்கும்."

"உங்க பேரு மூணு நொடி நின்னுச்சே சார். அப்ப யாருக்கும் போரடிக்கலயா?"



"செஞ்சு அனுப்பு," என்றார். "பாக்கலாம்."

*

"எவ்வளவு நேரம் நிறுத்தணும் டீச்சர்?"

"வாசிக்கிறவங்க வாசிச்சு முடிக்கிற வரைக்கும்."

"அது யாரு?"

"நீங்களும் நானும் இல்ல. நமக்கு இனிமே எல்லாப் பேரும் மனப்பாடம். ஓடும்போது இதை வாசிச்சே பாக்காத ஒருத்தர் வேணும். எழுத்துக் கூட்டி வாசிக்கிறவரா இருந்தா ரொம்ப நல்லது. உங்களுக்கு யாரு இருக்கா?"

சிஷ்யை போனை எடுத்தாள்.

படத்தில் வேலை செய்தவர்களைத் தள்ளினாள். அவர்கள் பார்த்தாயிற்று. கல்லூரித் தோழிகளைத் தள்ளினாள். அவர்களோடு பேசி எட்டு மாதம் ஆகிறது. திடீரென்று இதை வாசி என்றால் என்ன நினைப்பார்கள்? அறையில் கூட இருந்த பெண் வேலை கிடைத்து ஓசூருக்குப் போய்விட்டாள். அவள் கட்டிலில் இப்போது துணி காய்கிறது. மெஸ் அக்காவின் எண் இருந்தது. அவர் "ரெண்டா மூணா?" என்று இட்லிக் கணக்கு கேட்பார். அதற்கு மேல் பேசியதில்லை.

எண்கள் தீர்ந்தன.

பதினெட்டு நாளில் வாய்விட்டுச் சொன்ன பெயர்கள் எல்லாம் திரையில் இருந்தவைதான். மற்ற இருபத்தைந்து பேரில் ஒருவர்கூடத் தாமாக அவளைப் போனில் ஒரு தடவை கூப்பிட்டதில்லை.

"யாரும் இல்ல டீச்சர்."

"பேரு தெரியலன்னு ஒருத்தர் புகார் சொன்னாரே?"

"அவர் மூணு தடவை பாத்தவர்."

"பாத்தாரு. வாசிக்கலயே."

"அவர் என்னோட பேசறதில்ல."

"பேசவா சொல்றேன்? வாசிக்கத்தானே சொல்றேன்."

"என்னன்னு எழுத? 'பாருங்க, நான் பொய் சொல்லல'ன்னா?"

"அது உங்களுக்குத் தேவை. அவருக்கு அதுல என்ன வேலை இருக்கு? வேலை குடுங்கக்கா."

*

எழுதி அழித்தாள். எழுதி அழித்தாள். மூன்று வரி வாதம் எழுதினாள், நன்றாக வந்திருந்தது, அதையும் அழித்தாள்.

எல்லாப் பெயருக்கும் நான்கு நொடி வைத்த புதிய வீடியோவோடு கடைசியில் அனுப்பியது இதுதான்:

"அப்பா, இந்த வீடியோல பேரு எல்லாம் வாசிக்கிற அளவுக்கு நிக்குதான்னு பாத்துச் சொல்லுங்க. வேகமாப் போற பேரைக் குறிச்சுக் குடுங்க."

கால் மணி நேரத்தில் இரண்டு நீலக் கோடுகள் விழுந்தன.

பதில் இல்லை.

மறுநாளும் இல்லை. அதற்கு மறுநாளும் இல்லை. போனைக் குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு வேலை செய்தாள். மெஸ்ஸில் "ரெண்டா மூணா?" என்று கேட்டார்கள். "ரெண்டு" என்றாள். நாலாம் நாள் அவள் சொன்ன ஒரே சொல் அதுதான் என்பது படுக்கும்போது நினைவுக்கு வந்தது.

பெனிட்டா விசாரிக்கவில்லை. அதுவும் அவளுக்குக் கோபமாக இருந்தது.

*

ஏழாம் நாள் வகுப்பின் நடுவில் குரல் பதிவு வந்தது. நான்கு நிமிடம்.

ஒலிபெருக்கியில் போட்டாள். முதலில் சைக்கிள் கடையின் காற்றடிக்கும் சத்தம். யாரோ "அண்ணாச்சி, பின் டயருக்கும் சேத்து" என்றார்கள். பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு அப்பா வாசிக்கத் தொடங்கினார்.

"மாடத்தி."

இரண்டு வருடத்துக்குப் பிறகு கேட்ட குரல் அந்தப் பெயரைத்தான் சொன்னது.

"பேச்சியம்மாள். குருவம்மாள். சீனியம்மாள்."

ஒவ்வொரு பெயரையும் எழுத்துக் கூட்டி, முடித்து, அடுத்ததற்குக் காத்திருந்து வாசித்தார். நடுவில் குறிப்பும் சொன்னார்.

"ஒம்பதாவது பேரு கொஞ்சம் வெரசாப் போகுது. பதினாலு சரியாருக்கு."

சிஷ்யை விரல் மடக்கிக்கொண்டு வந்தாள். பதினாறு. பதினேழு.

குரல் நின்றது.

பம்பு ஒரு தடவை மூச்சு வாங்கியது. தெருவில் ஏதோ வண்டி போனது.

"மின்னொளி," என்றார் அப்பா. அது பத்தொன்பதாவது பெயர்.

இருபத்தாறு வரைக்கும் வாசித்தார். பதிவு முடிந்தது.

"தாண்டிட்டாரு டீச்சர்," என்றாள் செண்பகவல்லி. மடக்கிய விரல்களைப் பிரித்தாள். "இருபத்தஞ்சு பேரையும் வாசிச்சாரு. என்னைத் தாண்டிட்டாரு. இப்ப அது பதினொரு ஃபிரேம் இல்ல. நாலு நொடி நிக்குது. தெரியலன்னு சொல்ல முடியாது. சொல்லுங்க, இது யாரு வச்ச புள்ளி? இதுவும் என் கையா?"

"இல்லக்கா," என்றாள் பெனிட்டா.

சிஷ்யை எழுந்து பையை எடுத்தாள். வாசல்வரை போனாள்.

மேசையிலேயே விட்டுவிட்ட போனில் மறுபடி ஒரு குரல் பதிவு வந்தது. பெனிட்டா அதைத் தொடவில்லை. "உங்களுக்குத்தான்" என்று மட்டும் சொன்னாள்.

செண்பகவல்லி திரும்பி வந்து அழுத்தினாள். இந்தத் தடவை பம்பு சத்தம் இல்லை. அப்பா கடைக்குள்ளே போய்ப் பேசியிருக்க வேண்டும்.

"இருபத்தஞ்சு பேர ஒரே தடவையில வாசிச்சிட்டேன். பதினெட்டாவத மட்டும் ரெண்டாந்தடவதான் வாசிக்க முடிஞ்சுது. நேரம் பத்தாம இல்லம்மா."