முள்ளை எறிவதற்கு முன்

போன ஈஸ்டருக்கு வீட்டுக்கு வந்தபோது என் மகள் பெனிலா சொன்ன கதை இது. ஒரே தகவலைப் பல கம்ப்யூட்டர்களில் வைத்துக் காப்பது அவள் வேலை. அவற்றை எப்போது சரிபார்ப்பாய் என்று கேட்டேன். பதிலுக்கு இதைச் சொன்னாள்.

ஒரு காட்டில் மூன்று அணில்கள். வேப்பமரத்தில் வேம்பன், புளியமரத்தில் புளியன், இலுப்பை மரத்தில் இலுப்பி. தாகத்தோடு வரும் விலங்குகளுக்கு நல்ல சுனையைக் காட்டுவது அவர்கள் பொறுப்பு. ஒவ்வொரு சுனைக்கும் அதன் கரையிலுள்ள மரத்தின் விதையை மூவருமே பொந்தில் வைத்திருப்பார்கள். ஒருவரிடம் ஒரு விதை இல்லையென்றால், தொலைந்துவிட்டது போல என்று மற்றவர் கொடுத்து நிரப்புவார். சுனை கெட்டுவிட்டால் அதன் விதையோடு ஒரு முள் வைப்பார்கள். அமாவாசையன்று பொந்தைக் கூட்டும்போது இரண்டையும் எறிந்துவிடுவார்கள்.

ஒருமுறை புயல் வேம்பனை ஆற்றுக்கு அக்கரையில் ஒதுக்கிவிட்டது. அவன் இல்லாதபோது நாவல் சுனையில் விஷக்காய் விழுந்து நீர் கெட்டது. மற்ற இருவரும் முள் வைத்தார்கள். அமாவாசைக்கு முந்தின நாள் உச்சிவெயிலில் வேம்பன் நொண்டிக்கொண்டு வந்தான்.

உடனே மூன்று பொந்தையும் ஒப்பிட வேண்டும் என்றாள் இலுப்பி.

"வந்ததும் வராததுமாக வேலை வாங்குகிறாயே, அவனைக் காலை நீட்ட விடு தாயே" என்றான் புளியன். "நாளை கூட்டிப் பெருக்கிவிட்டு நிதானமாகப் பார்ப்போம்."

"முள்ளை எறிந்த பிறகா? வேம்பனிடம் நாவல் விதை இருக்கும், நம்மிடம் இருக்காது. நாம்தான் தொலைத்தோம் என்று அவனிடமே வாங்கி வைப்போம். கெட்ட சுனை மறுபடி நல்ல சுனையாகிவிடும்."

சாயங்காலமாவது பார்க்கலாமே என்று முனகினான் புளியன். அந்நேரம்தானே கூட்டம் வரும், தாகத்தோடு வருபவர்களை வாசலில் நிறுத்திவிட்டுப் பொந்தைக் கலைக்கலாமா என்று கேட்டாள் அவள். காடே படுத்திருந்த அந்த வெயிலில் மூவரும் ஒப்பிட்டார்கள். வேம்பனும் நாவல் விதையோடு முள் வைத்தான்.

பொழுது சாய்ந்ததும் ஒரு பெண்மான் குட்டியோடு வேம்பனிடம் வந்தது. "நாவல் சுனைதானே அண்ணே பக்கம்? பிள்ளையால் நடக்க முடியவில்லை."

வேம்பன் முள்ளைக் காட்டினான். "தூரம்தான் தங்கச்சி, ஆனாலும் இலந்தைச் சுனைக்கே போ."

குட்டி மெல்ல மெல்ல நடந்துபோய் வயிறாரக் குடித்தது. எதிர்மரத்தில் வாலைச் சுருட்டித் தூங்கிய இலுப்பியை வேம்பன் கையெடுத்துக் கும்பிட்டான்.

எச்சரிக்கை மறையுமுன் ஒப்பிட்டுத் திருத்துகிறவரே எல்லாரையும் காக்கிறார்.

உங்கள் வீட்டில் யாராவது வெளியூர் போய்த் திரும்பினால், சாப்பிட்டாயா என்று கேட்ட கையோடு, இல்லாதபோது நடந்ததையும் சொல்லிவிடுங்கள்.