கடைசி முகவருக்கு ஒரு மனு

சங்கரபாண்டியனுக்கு வயது அறுபத்து மூன்று. அவருடைய ஆசிரியை ஜெபமலருக்கு முப்பத்து நான்கு. பாளையங்கோட்டையில் ஜெபமலர் நடத்தும் எழுத்து வகுப்புக்கு முதல் ஆளாக வந்து, எல்லோரும் போன பிறகும் சந்தேகம் கேட்டுக்கொண்டு நிற்பவர் அவர்தான்.

அன்றைக்கு வகுப்பே இல்லை. இருந்தும் வந்து நின்றார். கையில் ஒரு கடிதம். முகத்தில் ஈயாடவில்லை.

"இன்னைக்கு அஞ்சு மணிக்குள்ள அனுப்பணும் டீச்சர். அதுக்கு மேல வாங்க மாட்டாங்களாம்."

ஏழு வருடமாக எழுதிய நாவல். அதைப் பதிப்பாளரிடம் கொண்டு சேர்க்கிற இலக்கிய முகவர்கள் நாலு பேரை விசாரித்து வைத்திருந்தார். மூன்று பேர் கையை விரித்துவிட்டார்கள். மிச்சம் இவர் ஒருவர்தான். இவருக்கும் முதலில் ஒரு பக்கக் கடிதம் போக வேண்டும். அது பிடித்தால்தான் நாவலைக் கேட்பார். பயத்தில் சங்கரபாண்டியனுக்கு மூன்று நாளாகச் சோறு இறங்கவில்லை.

"மத்த மூணு பேருக்கும் இதையேதான் அனுப்பினீங்களா?"

"இதேதான். இப்போ இன்னும் கொஞ்சம் பணிவா மாத்தியிருக்கேன்."

ஜெபமலர் படித்தார். சிரிப்பு வந்திருக்க வேண்டும், சிரிக்கவில்லை. மேசையிலிருந்து ஒரு சிவப்புப் பென்சிலை எடுத்து நீட்டினார்.

"தாலுகா ஆபீஸ்ல மனு வாங்குற சீட்ல எத்தனை வருஷம் இருந்தீங்க?"

"இருபத்தாறு."

"ஒரு நாளைக்கு எத்தனை மனு வரும்?"

"திங்கக்கிழமைன்னா இருநூறைத் தாண்டும்."

"அவ்வளவையும் எப்படிப் படிப்பீங்க?"

அதைக் கேட்டதும் அவர் முகம் கொஞ்சம் தெளிந்தது. "படிக்கிறதாவது! வந்த ஆளுக்கு என்ன வேணும்னு பாத்து, அதுக்குக் கீழ சிவப்புக் கோடு போட்டு அதிகாரிக்கு அனுப்பிருவேன். ஒரு மனுவுக்கு அரை நிமிஷம்."

"இதுவும் உங்க சீட்டுக்கு வந்த மனுதான். கோடு போடுங்க."

பழகின கை. பென்சில் முனை தானாக ஓடியது. 'ஐயா அவர்கள் சமூகத்திற்குப் பணிந்து சமர்ப்பிக்கும் விண்ணப்பம்' என்பதைத் தாண்டியது. பிறந்த ஊர், பணிக்காலம், பள்ளியில் தமிழய்யா பாராட்டியது, இப்போதைய மூட்டுவலி எல்லாவற்றையும் தாண்டியது. பொன்னான நேரத்தை வீணாக்குவதற்கு இரண்டு இடத்தில் மன்னிப்புக் கேட்டிருந்தார். அவை இரண்டையும் தாண்டியது. சங்கரபாண்டியனுக்கு வியர்த்துவிட்டது. கையெழுத்துக்கு மேலே கடைசி வரியில்தான் பென்சில் நின்றது.

'தன்னுடைய பதினாறாம் நாள் காரியம் நடந்துகொண்டிருக்கும்போது ஒரு பெண் உயிரோடு ஊர் திரும்புகிறாள்.'

கோடு போட்டார்.

"இவளை எதுக்கு இவ்வளவு கீழ கொண்டுபோய் வச்சீங்க?" என்று கேட்டார் ஜெபமலர்.

அவர் கடிகாரத்தைப் பார்த்தார். மணி நாலேகால் ஆகியிருந்தது.

"சொல்லுங்க."

"முதல் வரியிலயே வச்சு..." பென்சிலைக் கீழே வைத்தார். "முதல் வரியிலயே வேண்டாம்னுட்டா நான் என்ன பண்ணுவேன் டீச்சர்? ஏற்கெனவே மூணு பேர் சொல்லிட்டாங்க. இவரும் என் கதை வேண்டாம்னுட்டா?"

ஜெபமலர் ஒரு வெள்ளைத்தாளை அவர் முன்னால் நகர்த்தி வைத்தார்.

"உங்க கதை வேண்டாம்னு இன்னும் யாருமே சொல்லலை, ஐயா. சொல்ல நீங்க விடலை."