சீட்டுக்கு அடியில் நாலு விரற்கடை

உசிலம்பட்டி தாண்டி தேனி ரோட்டில் ஒரு எடைமேடை. அதற்குப் பின்னால் ஜெசிந்தாவின் கடை. வண்டிகளுக்குப் பாட்டு செட்டு மாட்டுகிற கடை.

ஜெசிந்தாவுக்கு முப்பத்தெட்டு வயசு. அவளிடம் தொழில் படிக்கிற சோலைமலைக்கு ஐம்பத்தாறு.

திருவிழா திருவிழாவாக முப்பது வருஷம் மைக்செட் கட்டியவர் அவர். மரத்தில் ஏறிக் குழாய் ஸ்பீக்கர் கட்ட முழங்கால் மறுத்துவிட்டது. இந்த வயசில் நமக்கு யார் தொழில் சொல்லித் தரப்போகிறார்கள் என்று நின்றவரை, "உள்ள வாங்கண்ணே" என்று கூப்பிட்டவள் ஜெசிந்தா. அந்த நன்றியை அவர் வாய்விட்டுச் சொன்னது கிடையாது. 'வாத்தியாரே' என்று கூப்பிடுவார். அதில் எல்லாம் அடங்கிவிடும்.

ஒருநாள் மொக்கைச்சாமி தன் பிக்கப் வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினான். தோட்டத்து மல்லிகையை மார்க்கெட்டுக்கு ஏற்றுகிற வண்டி. முன்னால் அவனுக்கு ஒரு சீட்டு, பக்கத்தில் அவன் பெண்டாட்டி ஒச்சம்மாளுக்கு ஒரு சீட்டு. அதற்குப் பின்னால் கை நுழைய இடமில்லை. தகரமும் அதில் ஒரு சின்னக் கண்ணாடியும்தான்.

"அக்கா, ஒரு வூஃபர் வைக்கணும். மார்க்கெட்டுல எல்லா வண்டியும் திம்மு திம்முனு வருது. என் வண்டியை ஊமை வண்டிங்கிறாய்ங்க."

ஜெசிந்தா சோலைமலையைத் திரும்பிப் பார்த்தாள்.

"இது உங்க வேலைண்ணே. தனியாவே செய்ங்க."

முதல் தனி வேலை. சோலைமலை அன்றைக்கே போய்ப் பிளைவுட் வாங்கிவந்தார். நாலு நாள் உட்கார்ந்து பிளைவுட் அறுத்து, பசை போட்டு, பதினைந்து இஞ்சு வூஃபர் ஸ்பீக்கருக்கு ஒரு பெட்டி அடித்தார். பெட்டி என்றால் பெட்டி. அம்மன் கோயில் பொட்டலில் வைத்தால் அடுத்த ஊர் வரைக்கும் கேட்கும்.

ஐந்தாம் நாள் வண்டி வந்தது. ஒச்சம்மாளும் வந்திருந்தாள். சோலைமலை அளந்து பார்த்தார், திருப்பிப் பார்த்தார், படுக்கப் போட்டுப் பார்த்தார். பெட்டி எங்கேயும் நுழையவில்லை. கடைசியில் பக்கத்து சீட்டின் போல்ட்டைக் கழற்றி சீட்டை வெளியே எடுத்து வைத்துவிட்டு, அந்த இடத்தில் பெட்டியை இறக்கினார். அளவெடுத்துச் செய்தது போல் உட்கார்ந்துவிட்டது.

மொக்கைச்சாமிக்கு முகமெல்லாம் பல்.

"அப்ப நான்?" என்றாள் ஒச்சம்மாள்.

"பின்னால வா. பூ மூட்டைக்கு ஓரமா தார்ப்பாயை விரிச்சுக்க. காத்தோட்டமா இருக்கும்."

"நல்லா இருக்குய்யா ஒன் நியாயம். பெட்டிக்கு சீட்டு, பொண்டாட்டிக்குத் தார்ப்பாயி. நாளைக்கு மார்க்கெட்டுல அந்தப் பெட்டியே எறங்கி பூவுக்கு வெலை பேசட்டும்."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். ஆனால் வெளியே கிடந்த சீட்டில் ஒட்டியிருந்த மண்ணைக் கையால் துடைத்துக்கொண்டே இருந்தாள். பதினெட்டு வருஷம் டவுன் பஸ்ஸில் பூக்கூடையோடு நின்றே போனவள். கண்டக்டர்மாரிடம் வாங்காத ஏச்சில்லை. போன ஆடியில் இந்த வண்டி வாங்கினதில் இருந்துதான் உட்கார்ந்து போகிறாள்.

சோலைமலை அவளைப் பார்க்காத மாதிரி வயரைச் சுற்றினார்.

"வாத்தியாரே, வந்து ஒருதரம் பாத்துச் சொல்லுங்க."

ஜெசிந்தா பெட்டியைத் தட்டிப் பார்த்தாள். மூலைகளைத் தடவினாள்.

"வேலை சுத்தம். ஒரு ரவுண்டு ஓட்டிப் பாத்துரலாம். மொக்கைச்சாமி ஓட்டட்டும். நீங்க பின்னால ஏறி உக்காந்து, எப்படிக் கேக்குதுன்னு பாத்துட்டு வாங்க."

"நான் முன்னால இருந்து கேட்டாத்தான வாத்தியாரே தெரியும்?"

"முன்னால எங்கண்ணே எடம் இருக்கு?"

அவர் பின்னால் ஏறினார். வண்டி ரயில்வே கேட் வரை போய்த் திரும்பி வந்தது. இறங்கும்போது சோலைமலையின் தலைமுடி நட்டுக்கொண்டு நின்றது. ஒரு கை இடுப்பில் இருந்தது.

"என்ன கேட்டுச்சுண்ணே?"

"தகரம் கேட்டுச்சு."

"பாட்டு?"

"வரலை. மூணு ஸ்பீடு பிரேக்கர் வந்துச்சு. நல்லா இடுப்புலயே வந்துச்சு."

"மொக்கைச்சாமி ஏதும் பேசினாரா?"

"கண்ணாடிக்குப் பின்னால வாய் அசைஞ்சுச்சு. பாடினாரா, பேசினாரான்னு தெரியலை."

"அருமையா இருந்துச்சுக்கா!" என்றான் மொக்கைச்சாமி, ஸ்டியரிங்கை விடாமல். "நெஞ்சுல குத்துது!"

ஜெசிந்தா டீ சொல்லி அனுப்பினாள்.

டீ வந்தது. சோலைமலை அதைத் தொடவில்லை. வெளியே கிடந்த சீட்டையும் அதைப் பிடித்துக்கொண்டு நின்ற ஒச்சம்மாளையும் பார்த்தார். பிறகு ஸ்பேனரை எடுத்தார். நாலு நாள் அடித்த பெட்டியைத் தன் கையாலேயே இறக்கிச் சுவரோரம் வைத்தார். சீட்டைத் தூக்கிப் பழையபடி மாட்டினார்.

"என்னண்ணே இது!" என்று மொக்கைச்சாமி பதறினான்.

"பொறு தம்பி. வேற வழி பாப்போம்."

வேறு வழி அவருக்குத் தெரியாது. ஜெசிந்தாவிடம் வந்தார்.

"வாத்தியாரே, எனக்குப் பொட்டலுக்குத்தான் சத்தம் வைக்கத் தெரியும். இடமே இல்லாத வண்டியில எங்க வைக்கிறது?"

"வண்டியில ஜாக்கி எங்க இருக்கு?"

"சீட்டுக்கு அடியில."

"ஜாக்கி பாட்டு கேக்குமா?"

சோலைமலை போய்ச் சீட்டுக்கு அடியில் குனிந்தார். ஜாக்கி, ஒரு இரும்புக் கம்பி, பழைய துணி, இரண்டு காய்ந்த எலுமிச்சம்பழம். எல்லாவற்றையும் வெளியே எடுத்தார். ஜாக்கியை வண்டிக்கு அடியில் இருந்த டூல்ஸ் பெட்டிக்கு மாற்றினார். சீட்டுக்கு அடியில் கையை விட்டு அளந்தார். நாலு விரற்கடை.

ஜெசிந்தா அலமாரியில் இருந்து ஒன்றை எடுத்து வந்தாள். தட்டையாக இருந்தது, மாவு சலிக்கிற சல்லடை உயரம்.

"இதுவா வூஃபரு?"

"மாட்டிப் பாருங்க."

அவர் மாட்டவில்லை. மைக்செட்காரர் வழக்கம், முதலில் வெளியே வைத்துக் கேட்டுவிட வேண்டும். கடை வாசலில் தரையில் வைத்து, ஒரு பேட்டரியில் வயரைக் கொடுத்துப் பாட்டைப் போட்டார். கொசு பாடியது.

"வாத்தியாரே, மானம் போயிரும். பக்கத்துல நிக்கிற எனக்கே கேக்கலை."

"உள்ள வச்சுக் கதவைச் சாத்துங்கண்ணே."

அரைமனசாகத்தான் வைத்தார். வயரைக் கால்மிதிக்கு அடியில் இழுத்து, பேட்டரிப் பக்கத்தில் ஃபியூஸ் போட்டு, பட்டி வைத்து இறுக்கினார். மொக்கைச்சாமி ஒரு பக்கம் ஏறினான். ஒச்சம்மாள் அவள் சீட்டில் ஏறினாள். இரண்டு கதவையும் சாத்தினார்கள். பாட்டு ஓடியது.

முதலில் கண்ணாடி நடுங்கியது. பிறகு உள்ளேயிருந்து ஒச்சம்மாளின் குரல் வந்தது.

"யாத்தே! முதுகுல யாரோ தட்டுறாய்ங்க!"

சோலைமலை ஓடிப்போய் வண்டியின் கூரைமேல் கையை வைத்தார். உள்ளங்கையில் மேளம் அடித்தது.  கையை எடுக்க மனசு வரவில்லை.

"வாத்தியாரே, அதே டப்பாதான? வெளிய கொசு, உள்ள இந்தப் போடு போடுது!"

"சின்ன எடம்ணே. சத்தம் ஓடிப்போக வழி இல்லை. அங்கனயே சுத்திச் சுத்தி வருது."

"முப்பது வருஷமா இது தெரியாமப் போச்சே."

"உங்க பொட்டலுக்கு இது தேவைப்படலை."

ஒச்சம்மாள் கதவைத் திறந்து இறங்கினாள். மடியில் இருந்த பூப்பந்தை அவிழ்த்து, ஜெசிந்தாவுக்கு இரண்டு முழம் அளந்து கிள்ளிக் கொடுத்தாள். பிறகு சோலைமலையின் பக்கம் திரும்பினாள்.

"ஒங்களுக்குப் பூக் குடுக்க முடியாது. நல்லா இருங்கண்ணே. எம்புட்டுப் பாடுபட்டு அந்தப் பெட்டியைச் செஞ்சீங்களோ. எனக்காக எறக்கிட்டீங்க."

சோலைமலை ஸ்பேனரைத் துடைத்தார், அதில் ஒன்றும் இல்லாவிட்டாலும்.

வண்டி கிளம்பியது. மெயின் ரோட்டில் ஏற வழி கிடைக்காமல், லாரிகள் போகட்டும் என்று எடைமேடைக்குப் பக்கத்தில் நின்றது. உள்ளே பாட்டு திம்மு திம்மென்று அடித்தது. சோலைமலை மகளைக் கல்யாணம் முடித்து அனுப்பிய தகப்பன் மாதிரி கைகட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்.

பின்கண்ணாடி வழியாக ஒச்சம்மாளின் கை தெரிந்தது. கை முன்னால் நீண்டு எதையோ திருகியது. சத்தம் பாதியானது. இன்னும் திருகியது. சுத்தமாக அடங்கிவிட்டது. அவள் அவன் பக்கம் திரும்பி என்னமோ சொன்னாள். கையை ஆட்டி ஆட்டிச் சொன்னாள். மொக்கைச்சாமி தலையைப் பின்னால் சாய்த்துச் சிரித்தான். லாரிகள் போய் ரோடு காலியாகி, பின்னால் நின்றவன் ஹாரன் அடித்த பிறகுதான் வண்டி நகர்ந்தது.

சோலைமலைக்கு முகம் விழுந்துவிட்டது.

"பாத்தீங்களா வாத்தியாரே! அஞ்சு நாள் பாடு. எடைமேடை தாண்டலை, அதுக்குள்ள கொறைச்சுப்புட்டாங்க."

ஜெசிந்தா பூவைத் தலையில் வைத்துக்கொண்டே சொன்னாள்:

"கொறைக்கிறதுக்குப் பக்கத்துல ஆளு இருக்காங்களேண்ணே."