வெயிலுமுத்துவின் கடைசிப் பொரி

சொக்கநேந்தலில் மூளைக்குப் பஞ்சமே கிடையாது. யாரும் எடுத்துச் செலவழிக்காததால் அத்தனையும் புத்தம் புதுசாக அப்படியே இருந்தது. அந்த ஊரில்தான் வெயிலுமுத்து, கூட்டாளிகள் கொம்பையாவையும் தவசியையும் சேர்த்துக்கொண்டு, சோயா மாவும் அரிசி மாவும் கலந்து பொரி பிதுக்குகிற எந்திரம் ஒன்றை வாங்கி இறக்கினான்.

அவனுக்குப் பொரியைவிடப் பேச்சிக்கனி மேல்தான் நினைப்பு. அவள் அப்பா சங்கிலிமாடன் பக்கத்து ஊர்க்காரர். "வெள்ளிக்கிழமை மத்தியானம் வாரேன். ஒம் எந்திரத்துப் பொரியைத் தின்னு பாப்பேன். வாய்க்குப் பிடிச்சா வெத்தலை பாக்கு மாத்துவோம். இல்லேன்னா பொண்ணு வேற எடத்துக்கு" என்று கறாராகச் சொல்லியிருந்தார்.

எந்திரத்தைப் பூட்டிக் கொடுத்த கோயம்புத்தூர் மெக்கானிக் கிளம்பும்போது பொறுமையாகச் சொன்னார்: "மாவுல ஈரம் அளவா இருக்கோணுங்க. கையில புடிச்சா நிக்கோணும், விட்டா உதிரோணும். எந்திரத்துச் சூடு எறங்காமப் பாத்துக்கங்க. உள்ளார நெருக்குப்பட்ட ஈரம் வெளிய வந்ததும் ஆவியாப் பிச்சுக்கிட்டுப் போகும். அப்பத்தான் பொரி உப்பும். மொதல்ல வர்றது சரியா வராதுங்க. அதைத் தூக்கிப் போட்டுருங்க."

மூவரும் தலை கழன்று விழுகிற மாதிரி ஆட்டினார்கள்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும் ஈரம் பார்க்க உட்கார்ந்தார்கள். கொம்பையா ஒரு பிடி அள்ளினான். நின்றது. விட்டான். உதிர்ந்தது.

"சரியா இருக்குலே."

"இந்தப் பிடி சரி. மூட்டையில மிச்சம் கெடக்கிறது என்ன லெச்சணமோ, யாரு கண்டா?" என்றான் தவசி.

நியாயமான கேள்வி. மூட்டை முழுவதையும் பிடி பிடியாகப் பிடித்து உதிர்த்தார்கள். முடிப்பதற்குள் வெயில் ஏறி, முதலில் உதிர்த்த மாவு காய்ந்துவிட்டது. தண்ணீர் தெளித்து, மறுபடி முதல் பிடியிலிருந்து ஆரம்பித்தார்கள்.

ஒருவழியாக எந்திரத்தை ஓட்டினால், அது கிடுகிடுவென்று ஆடியது.

"ஐயையோ, சூடு எறங்குதுலே! குளிர்ல நடுங்குது பாரு!" தவசி வீட்டுக்கு ஓடிப்போய்க் கம்பளியைக் கொண்டுவந்து போர்த்தினான். நடுக்கம் நிற்கவில்லை. காதுக்கு மப்ளரும் கட்டினான். எது காது என்று முடிவு பண்ணத்தான் கொஞ்சம் நேரமாயிற்று.

பொரி வந்தது. முதலில் வந்தது கருகலும் வேகாததுமாக இருந்தது, ஆடுகளுக்குப் போட்டார்கள். அடுத்து வெள்ளை வெளேரென்று, புசுபுசுவென்று வந்தது. வெயிலுமுத்து ஆசையாகக் கையை நீட்டினான்.

"தொடாதலே!" என்றான் கொம்பையா. "மொத வந்தது போயிட்டுல்லா? இப்ப நிக்கிறதுல எது மொத?"

வெயிலுமுத்து யோசித்தான். "இதுதான்."

"அப்ப இதையும் தூக்கிப் போடு."

போட்டார்கள். அதற்கப்புறம் வந்ததும் முதலாகத்தான் இருந்தது. ஆடுகள் அசைபோடக்கூட நேரமில்லாமல் தின்றன.

"மாமாவுக்கு எதைத்தாம்ல குடுக்க?" வெயிலுமுத்து காலித் தட்டைத் தூக்கிக் காட்டினான்.

தவசி நெற்றியைச் சொறிந்தான். "கடைசியா வாரதை யாரும் மொதன்னு சொல்ல முடியாதுல்லா?"

இவனுக்கு எங்கிருந்துதான் இப்படித் தோன்றுகிறதோ என்று இருவரும் அவனைக் கும்பிட்டார்கள். மூட்டை காலியாகிற வரைக்கும் ஆடுகளுக்குப் போட்டு, கடைசியில் முட்டிக்கொண்டு வந்த ஒற்றைப் பொரியை எவர்சில்வர் தட்டில் வைத்தார்கள்.

சங்கிலிமாடன் வந்தார். நகர முடியாமல் கிடந்த ஆடுகளைப் பார்த்து, "செழிப்பான எடந்தான்" என்றார். தட்டிலிருந்த பொரியை விண்டார். முகம் மாறியது.

"என்னப்பா, உள்ள வெறும் காத்தால்லா இருக்கு?"

"காத்து இல்ல மாமா. ஆவி குடியிருந்த எடம்" என்றான் கொம்பையா.

"எடத்தையா திங்க வந்தேன் நான்?" அவர் துண்டை உதறித் தோளில் போட்டார்.

பேச்சிக்கனி கையைவிட்டுப் போகிறாள் என்று வெயிலுமுத்துவுக்குப் புரிந்துவிட்டது. விண்ட பொரியைப் பிடுங்கி ஒரு சாக்குக்குள் போட்டான். சாக்கின் வாயை இறுக்கிக் கட்டி, சுத்தியலால் நாலு போடு போட்டான். வெளியே எடுத்தபோது பொரி பழைய செருப்பின் அடி மாதிரி தட்டையாக இருந்தது. சங்கிலிமாடன் வாயில் போட்டு மென்றார். வெகுநேரம் மென்றார்.

"இப்பத்தாம்லே பொரி!" என்றார்.

அங்கேயே வெற்றிலை பாக்கு மாற்றினார்கள். கிளம்பும்போது அவர் திரும்பினார்.

"எடுத்த காத்து எங்க?"

"சாக்குல இருக்கு மாமா."

"எம் பொண்ணு வாழப்போற வீட்டுல எதுவும் வீணாகப்படாது. மொபெட்ல ஏத்து."

மூன்று பேருமாக, "ஏலேசா" சொல்லி ஏற்றினார்கள். தெருமுனை வரை போன வண்டி திரும்பி வந்தது.

"மாப்ளே, பாரம் தாங்கல. காத்துல ஈரம் கூடிப்போச்சோ என்னவோ. பாதியை எறக்கிட்டுப் போறேன்."

வெயிலுமுத்து சாக்கை அவிழ்த்து, உள்ளே கைவிட்டு ஒரு பிடி அள்ளினான். கண்ணுக்கு நேரே வைத்துப் பார்த்தான். விரலை விரித்து விட்டான். திருப்தியாகத் தலையாட்டினான்.

"ஈரம் அளவாத்தான் இருக்கு மாமா. பயப்படாமக் கொண்டு போங்க."