முள் குத்திய கரிக்கட்டி

மேகம் இறங்கி இளைப்பாறிப் போகும் உயரமான மலை ஒன்றின்மேல் ஒரு காடு இருந்தது, குழந்தைகளே. அந்தக் காட்டுக்குத் தலைவர் ஒரு கரடியார். நல்ல மனசு, கூடவே கொஞ்சம் பெருமை. யார் எதைக் கேட்டாலும் "ஆகட்டும்" என்று சொல்லிவிடுவார். சொன்ன பிறகு அதைச் செய்து முடிக்கும்வரை அவருக்குச் சாப்பாடு இறங்காது. அதனால் காட்டில் எல்லோருக்கும் அவர்மேல் ஒரு தனிப் பிரியம்.

அங்கே இருந்த ஒரே கஷ்டம் குளிர். ஆனி மாதம் பிறந்தால் மூன்று மாதத்துக்கு மழை விடாது. மரங்களும் குறைவு, இருக்கிற சுள்ளியெல்லாம் நனைந்து ஊறிப்போகும். ஒவ்வொரு மழைக்காலத்திலும் ஒன்றிரண்டு குட்டிகள் விறைத்துச் செத்துப்போகும். கரடியாரால் எதையும் தாங்க முடியும், அதை மட்டும் தாங்க முடியாது.

ஒரு மாசி மாதத்தில் சதுப்பு நிலத்தின் கரையில் இடி விழுந்தது. அங்கே காய்ந்து கிடந்த கருப்பு மண்கட்டி ஒன்று பற்றிக்கொண்டு மூன்று நாள் அணையாமல் கனன்றது. புல்லும் பாசியும் காலம் காலமாக நீருக்கடியில் மக்கி உண்டான கரிமண் அது. கரடியார் அதன் பக்கத்தில் உட்கார்ந்து கைகளைக் காட்டினார். சந்தோஷத்தில் அவருக்கு அழுகையே வந்துவிட்டது.

உடனே கூட்டம் கூட்டினார். மழைக்காலத்துக்கென்று சேர்த்து வைத்திருக்கும் கிழங்கிலும் கொட்டையிலும் தேனிலும் ஆளுக்கு ஒரு பங்கைப் பொதுக் குகையில் போட வேண்டும். கரிமண் வெட்டும் வேலைக்காரர்கள் அதைச் சாப்பிட்டு வேலை பார்ப்பார்கள். மழை தொடங்கும்போது ஒவ்வொரு வளைக்கும் எரிக்கக் கட்டி வந்துவிடும். இதுதான் திட்டம். "இது என் வாக்கு" என்று மார்பில் தட்டிச் சொன்னார். தன் தேனடையில் பாதியை அவரே முதலில் கொண்டு வந்து வைத்தார்.

வெட்டும் வேலையைப் பெருச்சாளிக் கூட்டம் ஏற்றது. வேலை என்று வந்தால் அவை தலை நிமிர்வதில்லை. மேற்பார்வை நரியாருக்கு. நரியார் கெட்டவர் இல்லை. ஆனால் எதையும் பெரிதாகச் செய்தால்தான் அவருக்குச் சாப்பிட்டது உடம்பில் ஒட்டும்.

"வெட்டின கட்டியை வெயில்ல பரப்பிக் காயவைக்கிறதா? வெயில் நம்ம பேச்சைக் கேக்காது தலைவரே, சூளை கேக்கும்" என்றார் நரியார்.

கரடியாருக்கு அது பிடித்துப்போயிற்று. பங்குனி, சித்திரை, வைகாசி மூன்று மாதமும் நல்ல வெயில் அடித்தது. அந்த மூன்று மாதமும் எல்லோரும் கல்லையும் களிமண்ணையும் சுமந்து சூளை கட்டினார்கள். குகை போல அகலமான சூளை, மேலே உயர்ந்த புகைபோக்கி. கட்டி முடித்த மறுநாள் மழை பிடித்துக்கொண்டது.

கரையில் தானாகக் காய்ந்து கிடந்து, மழைக்கு முன்பே எடுத்து வைத்திருந்த கட்டிகளைப் போட்டுச் சூளையைப் பற்றவைத்தார்கள். பெருச்சாளிகள் ஈரக் கட்டிகளை வெட்டி வெட்டி உள்ளே அனுப்பின. புகைபோக்கியில் நாள் முழுக்கப் புகை. கரடியார் காலையில் எழுந்ததும் அந்தப் புகையைத்தான் பார்ப்பார். பார்த்தால் அன்று முழுக்க மனசு நிறைந்திருக்கும்.

ஒருநாள் முள்ளம்பன்றி ஒருத்தி மழையில் நனைந்தபடி வந்தாள். பத்து நாளுக்கு முன்புதான் அவளுக்கு இரண்டு குட்டிகள் பிறந்திருந்தன. முள்கூட இன்னும் சரியாகக் கெட்டிப்படாத குட்டிகள்.

"அண்ணா, என் கிழங்குல ஒரு பங்கு குடுத்தேன். எங்க வீட்டுக்கு இன்னும் ஒரு கட்டி வரலை. சின்னவன் நேத்துலேருந்து பால் குடிக்கலை, உடம்பு சில்லுன்னு கெடக்கு" என்றாள்.

கரடியார் திடுக்கிட்டுப் போனார். பக்கத்து வளைகளில் விசாரித்தாயா என்று கேட்டார். விசாரித்துவிட்டுத்தான் வந்தாளாம். மான், முயல், கீரி, யார் வீட்டுக்கும் வரவில்லை. எல்லோரும் அடுத்த வீட்டுக்கு முதலில் போயிருக்கும் என்று நினைத்துக்கொண்டு வாயைத் திறக்காமல் இருந்திருக்கிறார்கள்.

நரியாரைக் கூப்பிட்டார். நரியார் புகைபோக்கியைக் காட்டி, இவ்வளவு வேலை நடக்கும்போது சந்தேகம் எதற்கு என்று வருத்தப்பட்டார். கரடியாருக்கும் அது நியாயமாகத்தான் பட்டது.

முள்ளம்பன்றி விடுகிற ஆள் இல்லை. முதுகை வளைத்துத் தன் முள் ஐந்தைப் பிடுங்கினாள். சூளையிலிருந்து காய்ந்து வெளியே வந்த கட்டிகளில் ஐந்தைப் பொறுக்கி, ஒவ்வொன்றிலும் ஒரு முள்ளைக் குத்தினாள்.

"இந்த அஞ்சும் எங்க போகுதுன்னு கூடவே வந்து பாருங்கண்ணா. யார் வீட்டுக்குப் போனாலும் எனக்குச் சம்மதம்."

கரடியார் சூளைக்கு எதிரே மழையில் உட்கார்ந்தார். முதல் பெருச்சாளி வந்து, முள் குத்திய கட்டி ஒன்றைத் தூக்கிச் சூளையின் அடுப்பு வாயில் போட்டது. கரடியார் பதறிப்போனார்.

"அதை எதுக்குப்பா எரிக்கிறே?"

"ஈரக் கட்டியைக் காயவைக்கத் தலைவரே."

"சரி, காய்ஞ்ச பிறகு அதை என்ன பண்ணுவீங்க?"

"அதைப் போட்டு அடுத்த ஈரக் கட்டியைக் காயவைப்போம்."

அது ரொம்பப் பணிவாகச் சொல்லிவிட்டு அடுத்த கட்டியை எடுக்கப் போயிற்று. இரண்டாவது முள்ளும் அடுப்புக்குள் போனது. மூன்றாவதும் நான்காவதும் போயின. ஐந்தாவது முள்ளைக் கரடியார் எழுந்து தானே கட்டியிலிருந்து பிடுங்கி மடியில் வைத்துக்கொண்டார். பொதுக் குகையை எட்டிப் பார்த்தால் அது பாதி காலி. அவருக்கு அவமானத்தில் காது சூடாகிவிட்டது. நரியாரோ வாலைக் காலுக்கிடையில் மடக்கிக்கொண்டு நின்றார். பாவம், அவரும் அதை நம்பித்தான் இருந்தார்.

"உன்னைச் சொல்லி என்ன? வாக்குக் குடுத்தவன் நான். புகையைப் பாத்தேனே ஒழிய ஒரு வீட்டுக் கதவைத் தட்டிப் பாக்கலை" என்றார் கரடியார்.

அன்றே வெட்டுவதை நிறுத்தச் சொன்னார். ஈரக் கட்டிகளைச் சூளைக்கு வெளியே தள்ளிவிட்டு, தரையைக் கூட்டிப் புல் பரப்பச் சொன்னார். ஒரு மூலையில் மட்டும் கனல். குட்டி வைத்திருந்த தாய்மாரெல்லாம் அதற்குள் குடி வந்தார்கள். மிச்சமிருந்த காய்ந்த கட்டிகளை ஒவ்வொன்றாகப் போட்டார்கள். ஒரே இடத்தில் எரித்ததால் அவை மழை விடும்வரை தாங்கின. முள்ளம்பன்றியின் சின்னவன் மூன்றாம் நாள் கண்ணைத் திறந்து பாலைத் தேடினான். கரடியார் மழையில் நின்றே சூளை வாசலைக் காத்தார். உள்ளே வாருங்கள் என்று எத்தனை பேர் கூப்பிட்டும் போகவில்லை.

அடுத்த வருஷம் தை பிறந்ததும் பெருச்சாளிகள் கட்டி வெட்டின. இந்த முறை நரியாரே அவற்றைக் காற்றுப் புகும்படி இடைவெளி விட்டு அடுக்கினார். காற்றும் வெயிலும் கூலி கேட்காமல் காயவைத்தன. கரடியார் மடியில் வைத்திருந்த அந்த ஐந்தாவது முள்ளை முதல் கட்டியில் குத்தி, தினமும் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

ஆனியில் முதல் மழை விழுந்த அன்று முள்ளம்பன்றியின் வளை வாசலில் தொப்பலாக நனைந்து ஓர் உருவம் நின்றது. கரடியார்தான். கட்டி நனையக் கூடாதென்று அதை வயிற்றோடு சேர்த்து அணைத்துப் பிடித்திருந்தார்.

"அண்ணா, முள் குத்தி ரத்தம் வருதே, கையைக் காட்டுங்க" என்றாள் முள்ளம்பன்றி.

"அது கெடக்கட்டும் தங்கச்சி. முதல்ல நீ பத்தவை, நான் பாக்கணும்" என்றார் கரடியார்.

நீதி: ஊரார் கூடிக் கொடுத்துத் தொடங்கிய வேலை மும்முரமாக நடக்கிறதா என்று பார்த்தால் போதாது, யாருக்காகத் தொடங்கினோமோ அவர் வாசலுக்கு அதன் பலன் வந்து சேர்ந்ததா என்று பார்க்க வேண்டும்.