குப்பை வாங்க வந்த மக்கு

முன்னொரு காலத்தில், ராஜாக்களுக்குத் திடீர் திடீரென்று யோசனை உதித்து ஊரார் அவதிப்பட்ட நாளில், ஒரு ராஜா தேர்த் திருவிழா முடிந்த மறுநாள் வீதியில் நடந்து போனார். வாழைமட்டை ஒன்று அவர் காலை வாரிவிட்டது. ராஜா விழுந்ததைப் பார்த்த அத்தனை பேரும் சட்டென்று வானத்தைப் பார்த்தார்கள். சபையின் விகடகவி ஆவுடையப்பன் மட்டும் குனிந்து கை கொடுத்தான்.

“இனி என் வீதியில் ஓர் இலை கிடக்கக் கூடாது,” என்றார் ராஜா, இடுப்பைத் தடவியபடி.

“மரங்களுக்கு ஓலை அனுப்பிப் பார்க்கலாம் மகாராஜா. கேட்காவிட்டால் அரண்மனை வண்டிகளை அனுப்பலாம்,” என்றான் ஆவுடையப்பன்.

அப்படித்தான் அந்த ஏற்பாடு வந்தது. வெள்ளிக்கிழமை தோறும் எட்டு வண்டிகள் கொம்பு ஊதிக்கொண்டு வரும். வெட்டிய கிளை, உதிர்ந்த சருகு, வாடிய மாலை எல்லாவற்றையும் ஜனங்கள் வாசலில் எடுத்து வைப்பார்கள். வண்டிக்காரர்களுக்குத் தலைவி குருவம்மா. இந்த வேலையில்தான் அவள் வீட்டு அடுப்பு எரிந்தது, மற்ற வண்டிக்காரர்கள் வீட்டு அடுப்பும் எரிந்தது. அள்ளியதையெல்லாம் கிழக்கு வாசலுக்கு வெளியே கொட்டினார்கள். மூன்றே மாதத்தில் அந்த மேடு அரண்மனை மதிலை எட்டிப் பார்த்தது.

பிரதானி செண்பகராயருக்கு ஆவுடையப்பனைக் கண்டாலே ஆகாது. தன் பேச்சுக்குத் தலையாட்டுகிற ராஜா அவன் பேச்சுக்குச் சிரிக்கிறாரே என்று நெடுநாள் வயிற்றெரிச்சல். சபையில் மெல்ல ஆரம்பித்தார்.

“மகாராஜா, வெளிநாட்டுத் தூதர்கள் கிழக்கு வாசல் வழியாகத்தான் வருகிறார்கள். இது எந்த மலை என்று கேட்கிறார்கள். அடியேன் என்ன பதில் சொல்வது?”

ராஜாவின் முகம் சுருங்கியது. “ஆவுடையப்பா, அதை அப்புறப்படுத்து.”

“எரித்தால் புகை அந்தப்புரத்துக்கு வரும். ஆற்றில் போட்டால் நாம்தான் குடிக்க வேண்டும். பக்கத்து நாட்டில் கொட்டினால் போர் வரும்,” என்று ஒவ்வொரு கதவாகச் சாத்தினார் செண்பகராயர். “விகடகவிதான் கெட்டிக்காரர் ஆயிற்றே, விற்றே தீர்க்கட்டும். குப்பையைக் காசு கொடுத்து வாங்குகிற மக்கு ஒருவனை நாற்பத்தெட்டு நாளில் இந்தச் சபைக்குக் கொண்டுவந்து நிறுத்தட்டும். முடியாவிட்டால் வண்டிகளையும் நிறுத்திவிடலாம், விகடகவியையும் அனுப்பிவிடலாம்.”

ராஜாவுக்குப் பந்தயம் என்றால் சர்க்கரைப் பொங்கல். “ஆகட்டும்,” என்றார்.

விஷயத்தைக் கேட்டதும் குருவம்மா தலையில் கைவைத்து உட்கார்ந்துவிட்டாள்.

“எங்க வீட்டு அடுப்பெல்லாம் அணைஞ்சிருமே ஐயா. உங்களுக்கென்ன, வேற ஒரு ராஜாவைச் சிரிக்கவைக்கப் போயிருவீங்க.”

ஆவுடையப்பனுக்குச் சுருக்கென்று தைத்தது. யோசனை சொன்னவன் அவன், பட்டினி கிடக்கப் போவது இவள். அவனுக்கு வெட்கமாக இருந்தது. வாயில் ஒரு வேடிக்கையும் வரவில்லை.

“நான் எங்கேயும் போகவில்லை குருவம்மா. இதை என்ன செய்யலாம் என்று நீதான் சொல்ல வேண்டும்.”

“அது பாட்டுக்கு உள்ளே வெந்துக்கிட்டுத்தான் இருக்கு. கையை விட்டுப் பாருங்க.”

விட்டான். சுட்டது. வெடுக்கென்று கையை எடுத்துக்கொண்டான்.

அன்றே வேலையைத் தொடங்கினார்கள். காய்ந்த சருகு ஓர் அடுக்கு, பச்சை இலை ஓர் அடுக்கு, அதன்மேல் சாணிக் கரைசல். தண்ணீர் தெளித்து, நாலு நாளுக்கு ஒரு தடவை அடிமேலாகப் புரட்டினார்கள். ஆவுடையப்பனும் வேட்டியை மடித்துக்கட்டி மண்வெட்டி பிடித்தான். அவன் புரட்டியதைவிடப் பேசியதுதான் அதிகம் என்பது வண்டிக்காரர்களின் புகார். முப்பது நாளில் மேடு பாதியாக அமுங்கி, கருகருவென்று பொலபொலத்து, மழை பெய்த தரை போல மணத்தது.

ஆனால் வாங்க ஒருவரும் வரவில்லை. இழவு வீட்டு மாலையெல்லாம் அதில் கிடக்கிறது என்று செண்பகராயர் ஊரெல்லாம் கிளப்பிவிட்டிருந்தார்.

அந்தச் செண்பகராயருக்கும் ஒரு பைத்தியம் உண்டு. ராஜாவின் நந்தவனத்தைவிடத் தன் தோட்டத்தில் ஒரு பூவாவது கூடப் பூக்க வேண்டும்.

“குருவம்மா, ஒரு பொய்கூடச் சொல்லாமல் உன்னால் இதை விற்க முடியுமா?” என்று கேட்டான் ஆவுடையப்பன்.

“பொய் சொல்லத் தெரிஞ்சா நான் ஏன் வண்டி ஓட்டுறேன்? அரண்மனையில உத்தியோகம் பாத்திருப்பேன்.”

மறுநாள் எருவைச் சலித்துக் கூடைகளில் நிரப்பி, வெள்ளைத் துணியால் மூடி, பிரதானி வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தினாள். வெள்ளிக்கிழமை தோறும் அதே வாசலுக்கு வருகிறவளைச் செண்பகராயர் ஒருநாளும் நிமிர்ந்து பார்த்ததில்லை. அன்றும் கூடையைத்தான் பார்த்தார்.

“என்ன அது?”

“எருங்க. பூவும் இலையும் போட்டுப் பக்குவம் பண்ணினது.”

“எங்கிருந்து வருகிறது?”

“கிழக்கேயிருந்துங்க. அரண்மனை வண்டியில வந்த சரக்கு.”

செண்பகராயரின் குரல் தணிந்தது. “ராஜாவின் நந்தவனத்துக்கா?”

“இன்னும் அங்க போகலீங்க.”

“போகவே கூடாது. அத்தனையையும் இங்கே இறக்கு.”

ஐந்து நாள் இறக்கினாள். கேட்ட விலையை அவரும் கொடுத்தார். மொட்டுக் கட்டி நின்ற ரோஜாச் செடிகள் கொள்ளையாகப் பூத்தன.

நாற்பத்தெட்டாம் நாள் சபை கூடியது. செண்பகராயர் ஒரு தட்டு நிறைய ரோஜாவோடு வந்து உட்கார்ந்தார்.

“எங்கே அப்பா உன் மக்கு?” என்றார் ராஜா.

“சொல்கிறேன் மகாராஜா. அதற்கு முன், இவ்வளவு பெரிய ரோஜா எப்படிப் பூத்தது என்று பிரதானியாரைக் கேட்கலாமே.”

செண்பகராயர் எழுந்தே நின்றுவிட்டார். “எல்லாம் எருவின் மகிமை மகாராஜா. கிழக்கேயிருந்து வந்தது. கடைசிக் கூடைவரை அடியேனே வாங்கிவிட்டேன். வேறு யாருக்கும் அந்த மூளை ஓடவில்லை.”

ஆவுடையப்பன் வாசல் பக்கம் கை காட்டினான். குருவம்மா உள்ளே வந்து கும்பிட்டாள்.

“ஐயாதாங்க அத்தனையும் வாங்கினாரு. கிழக்கு வாசல் இப்பத் துடைச்சுவிட்ட மாதிரி இருக்கு.”

தட்டு கவிழ்ந்து ரோஜாக்கள் தரையில் உருண்டன. ராஜா பிரதானியைப் பார்த்தார், ஆவுடையப்பனைப் பார்த்தார்.

“அப்படியென்றால் அந்த மக்கு…”

“அந்த வார்த்தை என்னுடையதல்ல மகாராஜா. பிரதானியார்தான் சொன்னார், ஆளையும் அவரே அழைத்து வந்திருக்கிறார். அடியேன் வெறும் கையோடுதான் வந்தேன்.”

ராஜாவுக்குச் சிரிப்புப் பொத்துக்கொண்டு வந்தது. ஆவுடையப்பனுக்குப் பொன்னாடையும் பொற்கிழியும் கொடுத்தார். வண்டிகள் என்றைக்கும் ஓடும் என்றும், எரு விற்கும் உரிமை குருவம்மாவுக்கே என்றும் ஆணையிட்டார்.

“சரி, பிரதானியாரை என்ன செய்வது?”

“கிழக்கு வாசலில் இடம் காலியாகத்தான் இருக்கிறது மகாராஜா. நாற்பத்தெட்டு நாள் கிடந்தால் சருகுகூட உருப்படுகிறது.”

ராஜா குருவம்மா பக்கம் திரும்பினார். “இவரை ஏற்றிக்கொண்டு போகிறாயா?”

குருவம்மா அப்போதுதான் செண்பகராயரை மேலும் கீழும் நன்றாகப் பார்த்தாள்.

“மன்னிக்கணும் சாமி. மக்காததை நாங்க வண்டியில ஏத்துறதில்லீங்க.”

ராஜா சிரித்த சிரிப்பில் கிரீடம் கழன்று மடியில் விழுந்தது. அதை எடுத்துக் கொடுக்க வேண்டிய பிரதானி, தரையில் குனிந்து ரோஜா பொறுக்கிக்கொண்டிருந்தார்.