விழாத நோயாளி

தமயந்தி போனபோது ஹெலன் மேடம் வாசலில் நின்றுகொண்டிருந்தார். எழுபத்தெட்டு வயது. முதுகெலும்பில் இரண்டு கணுக்கள் நசுங்கி, பழைய உயரத்தில் நான்கு விரல் குறைந்திருந்தது.

"எதுக்கு மேடம் எழுந்து வந்தீங்க? கதவு திறந்துதானே இருக்கு."

"வர்றது நீயாச்சே."

தமயந்திக்கு வயது ஐம்பத்து மூன்று. ஒரு மருத்துவமனையின் இயன்முறை சிகிச்சைப் பிரிவுக்குத் தலைவி. எலும்பு முறிந்து வரும் வயதானவர்களை மறுபடி நடக்க வைப்பது அவள் வேலை. முப்பத்திரண்டு வருடம் முன்பு அந்த வேலையை அவளுக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஹெலன்.

கொஞ்ச நேரம் மருத்துவமனையின் பழைய பயிற்சிக் கூடத்தைப் பற்றிப் பேசினார்கள். தகரக் கூரை. பிடித்து நடக்கத் தச்சர் செய்து கொடுத்த தேக்குச் சட்டங்கள். காலை முழுக்க மெழுகு ஒத்தட வாசனை. ரேடியோவில் பாட்டு வந்தால் அதன் தாளத்துக்கு நோயாளிகளை நடக்கவிடுவார் ஹெலன். சோகப் பாட்டு வந்துவிட்டால் நடை இழுபடும், கூடமே சிரிக்கும்.

"அதை இடிச்சுட்டாங்க மேடம். இப்ப அங்க ஸ்கேன் சென்டர்."

"எனக்கு இன்னும் அந்த வாசனை சேலையில இருக்கற மாதிரியே இருக்கு."

பிறகு தமயந்தி வந்த விஷயத்தைச் சொன்னாள்.

போன வாரம் பஞ்சவர்ணம் அம்மாள் விழுந்துவிட்டார். எழுபத்தொரு வயது. இடுப்பில் அறுவை சிகிச்சை முடிந்த பதினோராம் நாள், நடைப் பயிற்சியில், தமயந்தியின் கண் முன்னால். இப்போது மணிக்கட்டும் முறிந்திருந்தது.

"அந்தச் சத்தம் காதைவிட்டுப் போகல மேடம். எலும்பு தேய்ஞ்ச யாரையும் இனி நடக்கவிடப் போறதில்ல. கட்டில்லயே பயிற்சி. ஆர்டர் எழுதிட்டேன். திங்கக்கிழமை கொடுக்கணும்."

"அந்தம்மா எதனால விழுந்தாங்க?"

"எலும்பு பலவீனம் மேடம். ஸ்கேன்லயே தெரிஞ்சுது."

"அது உடைஞ்சதுக்குக் காரணம். விழுந்ததுக்கு?"

தமயந்தி அந்த நிமிஷத்தை மறுபடி நினைத்துப் பார்த்தாள்.

"கண்ணாடி போட்டிருந்தாங்களா?"

"ம்."

"கால்ல?"

"மகளோட செருப்பு. ஒரு சைஸ் பெரிசு." சொல்லிவிட்டு நிறுத்தினாள். "யாரும் கவனிக்கல. நானும்தான்."

ஹெலன் எழுந்தார். "வா, காபி போடலாம்."

தமயந்தி ஓடிவந்து அவர் இரண்டு கைகளையும் பற்றிக்கொண்டாள். ஹெலன் அப்படியே நின்றார்.

"இப்படிப் பிடிச்சா நான் எப்படி நடக்கறது? பின்னால கையை வச்சுக்கோ. தொடாதே."

சமையலறைக்குப் பத்துப் பன்னிரண்டு அடி. நிலைப்படியில் ஹெலனின் கால் தடுமாறியது. தமயந்தியின் கை எட்டுவதற்குள் அவரே நிலையைப் பிடித்து நின்றுவிட்டார்.

"பயமா இல்லையா மேடம்?"

"இருக்கு. தினமும்."

பாலை அடுப்பில் வைத்தார். தமயந்தி மெதுவாகக் கேட்டாள்.

"உங்க காலத்துல அந்தக் கூடத்துல ஒருத்தர்கூட விழுந்ததா நான் கேள்விப்படல. எப்படி மேடம்?"

"யார் சொன்னா? மூணு பேர் விழுந்தாங்க. பேர் இப்பவும் ஞாபகம் இருக்கு. ரெண்டு பேர் நடந்து வீட்டுக்குப் போனாங்க. ஒருத்தர் சக்கர நாற்காலியில போனார்."

தமயந்தி அதை எதிர்பார்க்கவில்லை.

"மூணாவது ஆள் விழுந்தப்ப எனக்கும் உன்னை மாதிரிதான் இருந்துது. நீ வந்து சேர்றதுக்கு முந்தின வருஷம். அப்ப ஏழாம் கட்டில்ல சவரிமுத்துன்னு ஒரு தபால்காரர். முப்பது வருஷம் சைக்கிள் மிதிச்ச கால். எலும்பெல்லாம் அரிச்சுப் போயிருந்துது. விழுந்திடக் கூடாதுன்னு ரெண்டு மாசம் கட்டில்லயே வச்சேன். தினமும் காலையில கேட்பார், இன்னிக்கு நடக்கலாமாம்மான்னு. நாளைக்குன்னு சொல்வேன்."

பால் பொங்கி வந்தது. ஹெலன் அடுப்பைத் தணித்தார்.

"அவர் விழுந்தாரா மேடம்?"

"ஒரு தடவைகூட விழல," என்றார் ஹெலன். "கடைசி வரைக்கும், நாளைக்கு நடக்கலாம்னு நம்பிப் படுத்தே இருந்தார்."